சத்தம் போடாத பொருத்தமின்மை

டிடிஆர்4 ரேம் ஒன்றையும் டிடிஆர்5 ரேம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டென்று வேறுபாடு தெரியாது. நீளம் ஒன்றுதான். அடியில் வரிசையாக இருக்கும் தங்க நிறத் தொடுமுனைகள் இரண்டிலும் 288. நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் ஒன்றில் கொஞ்சம் தள்ளி இருக்கும். அந்த வெட்டை வேண்டுமென்றேதான் தள்ளி வைத்திருக்கிறார்கள். டிடிஆர்4 ரேமுக்கு வேண்டிய 1.2 வோல்ட்டை மதர்போர்டே தயாரித்துக் கொடுக்கிறது. டிடிஆர்5 ரேம் அப்படியில்லை. மதர்போர்டிடம் 5 வோல்ட் வாங்கி, தன் மேலேயே ஒட்டியிருக்கும் சிறு சில்லு ஒன்றின் மூலம் 1.1 வோல்ட்டாகக் குறைத்துக்கொள்கிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்று போய் உட்கார்ந்தால் கருகிப்போக வாய்ப்புண்டு என்பதால், உட்காரவே முடியாதபடி செய்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் பாகங்களை வடிவமைப்பவர்கள் இதுபோலப் பல இடங்களில் நம் கையைப் பிடித்துத் தடுக்கிறார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, குறைந்த செலவில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் அதிகம் பயப்படுவதும் இந்த வகைப் பொருத்தமின்மைக்குத்தான்: வாங்கிய ப்ராசஸர் போர்டில் உட்காருமா, ரேம் இறங்குமா, கார்டு கேபினட்டுக்குள் நுழையுமா? என்னைக் கேட்டால் இதற்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. பொருந்தாதது பொருந்தாது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். கடைக்காரரும் மாற்றிக் கொடுப்பார். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்து, விண்டோஸ் திறந்து, விளையாட்டும் ஓடி, கொடுத்த காசில் பாதிக்குரிய வேலையை மட்டும் செய்கிற கம்ப்யூட்டர் அது. எந்தப் பிழைச் செய்தியும் அதில் வராது. வாங்கியவர் வருடக்கணக்கில் அப்படியே விளையாடிக்கொண்டிருப்பார்.

முதலில் சத்தம் போடும் வகையைப் பார்த்துவிடலாம். ப்ராசஸர் வாங்கும்போதே அதன் சாக்கெட் முடிவாகிவிடுகிறது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 1331 துளைகள். ப்ராசஸரின் அடியில் இருக்கும் மெல்லிய கம்பிகள் அவற்றில் இறங்கும். 2022இல் வந்த ஏஎம்5இல் கம்பிகள் போர்டுக்கு மாறின, எண்ணிக்கை 1718 ஆனது, டிடிஆர்5 ரேம் மட்டுமே என்றும் ஆனது. இன்டெல் பக்கம், 2021 முதல் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த ப்ராசஸர்களுக்கு டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டோடும் பேசத் தெரியும். போர்டு வழக்கமாக ஒன்றுக்குத்தான் இடம் தரும். ஆகவே "12ஆம் தலைமுறை போர்டு கொடுங்கள்" என்று கேட்பது பாதிக் கேள்விதான்.

சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்றும் நம்பிவிட முடியாது. இன்டெலின் எல்ஜிஏ 1151 விவகாரம் இதற்கு நல்ல பாடம். 2017 ஜனவரியில் இசட்270 சிப்செட் போர்டுகள் வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் 8ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் வந்தன. தொடுமுனைகள் அதே 1151, ப்ராசஸர் பழைய போர்டில் அழகாக உட்காரும். ஆனால் கம்ப்யூட்டர் எழாது; புது இசட்370 போர்டு வேண்டும். கூடுதல் கோர்களுக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டியிருப்பதால் முன்பு சும்மா கிடந்த சில முனைகளை மின்சாரத்துக்கு எடுத்துக்கொண்டோம் என்பது இன்டெல் சொன்ன காரணம். சில ஆர்வலர்கள், கம்ப்யூட்டரை எழுப்பும் ஆணைத்தொகுப்பான பயாஸைத் திருத்தி, சில முனைகளை மறைத்து, பழைய போர்டுகளிலேயே புது ப்ராசஸரை ஓட்டிக் காட்டினார்கள். இதைப் படித்தபோது எனக்கு இன்டெலின் விளக்கத்தின் மீதான நம்பிக்கை கொஞ்சம் குறைந்தது.

ஏஎம்டி நேரெதிர் வழியில் போய் வேறொரு சிக்கலில் மாட்டியது. ஏஎம்4 சாக்கெட்டை 2016 முதல் விடாமல் வைத்திருந்தார்கள். ப்ராசஸரை எழுப்பத் தேவையான ஆணைத்தொகுப்பு பயாஸ் சில்லில் இருக்க வேண்டும். பல போர்டுகளில் அந்தச் சில்லின் கொள்ளளவு வெறும் 16 மெகாபைட். தலைமுறை ஏற ஏற இடம் தீர்ந்தது. சில போர்டு நிறுவனங்கள் பயாஸின் வண்ணப் படங்களை எடுத்துவிட்டு வெறும் எழுத்துப் பட்டியலை வைத்தன. சிலர் பழைய ப்ராசஸர்களுக்கான ஆணைத்தொகுப்பையே நீக்கினார்கள். 2020 மே மாதம், அடுத்து வரும் ரைசன் 5000 வரிசை ப்ராசஸர்கள் பி450 சிப்செட் போர்டுகளில் ஓடாது என்று ஏஎம்டி அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொந்தளித்தார்கள். சில வாரங்களுக்குள் ஏஎம்டி அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. இன்றும் கடையில் தூசி படிந்த பழைய பி450 போர்டு ஒன்றைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால், அதன் பயாஸ் எந்தப் பதிப்பு என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பயாஸைப் புதுப்பிக்க கம்ப்யூட்டர் எழ வேண்டும், கம்ப்யூட்டர் எழ பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த முடிச்சில் மாட்டியவர்களுக்காக 2018இல் ஏஎம்டி ஒரு பழைய ப்ராசஸரைத் தற்காலிகமாகக் கடனாக அனுப்பிய கதையும் உண்டு. இப்போது பல போர்டுகளில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்றொரு பொத்தான் இருக்கிறது. பென் டிரைவைச் செருகி அதை அழுத்தினால் ப்ராசஸர் இல்லாமலே பயாஸ் மாறிவிடும். வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் காசை இந்தப் பொத்தானுக்குக் கொடுக்கலாம்.

இனி சத்தம் போடாத வகைக்கு வருவோம். இதன் வேர், நாம் பாராட்டிப் பேசும் ஒரு நல்ல குணத்தில் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டோடு பேசும் வழி பிசிஐ எக்ஸ்பிரஸ். அதன் புதிய பதிப்புக்காகச் செய்யப்பட்ட கார்டு பழைய பதிப்பு போர்டிலும் ஓடும். பழைய கார்டு புதிய போர்டிலும் ஓடும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் இரு முனைகளும் மிகக் குறைந்த வேகத்தில் பேச ஆரம்பித்து, தரவு போக உனக்கு எத்தனை தடம் இருக்கிறது, எந்தப் பதிப்பு வரை தெரியும் என்று விசாரித்துக்கொள்கின்றன. இருவருக்கும் பொதுவான உச்சத்தில் உடன்பாடு ஏற்படுகிறது. இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். உடன்பாடு எந்த அளவில் ஏற்பட்டது என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை.

தடம் ஒன்றுக்கு 3.0 பதிப்பில் நொடிக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் போகும்; 4.0இல் அது இரட்டிப்பு. முழு அளவு கார்டுக்கு 16 தடங்கள் என்பது வழக்கம். 2022 ஜனவரியில் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, லேப்டாப்புக்காக வடிவமைத்த சில்லை மேசைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்த கார்டு. அதில் இருப்பது நான்கே தடங்கள். கார்டின் பட்டை 16 தடத்துக்குரிய நீளத்தில் இருப்பதால் பார்த்தால் தெரியாது. 4.0 போர்டில் இதற்கு நொடிக்கு 8 ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். 3.0 போர்டில் 4க்கும் குறைவு.

அதனால் என்ன கெட்டுவிடும் என்றால், கார்டில் இருக்கும் நினைவகம் 4 ஜிபிதான். ஒரு விளையாட்டின் சுவர், மண், முகம் ஆகியவற்றின் படங்கள் இந்த நினைவகத்தில் இருக்கும் வரை கார்டு அவற்றை நொடிக்கு 144 ஜிகாபைட் வேகத்தில் எடுத்துக்கொள்ளும். இன்றைய பல விளையாட்டுகளுக்கு 4 ஜிபி போதாது. மிச்சம் ரேமில் போய்க் கிடக்கும். அங்கிருந்து எடுக்க ஒரே வழி அந்த நான்கு தடங்கள்தான். 144 எங்கே, 4 எங்கே? திருப்பத்தில் திரும்பியதும் படம் ஒரு கணம் நின்று போகும். புதுக் கட்டடம் கண்ணில் பட்டதும் துள்ளும். இந்தக் கார்டைப் பழைய போர்டுகளில் சோதித்தவர்கள் பலரும் வேகம் கணிசமாகச் சரிவதைக் கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், காசு இல்லாதவர்தான் இந்தக் கார்டை வாங்குவார். பழைய போர்டு வைத்திருப்பவரும் அவர்தான்.

போர்டை மட்டும் மாற்றினால் போதுமா? அங்கே இன்னொரு வலை. கிராபிக்ஸ் கார்டின் தடங்கள் நேராக ப்ராசஸருக்குப் போகின்றன. ரைசன் 5 5600 என்றும் ரைசன் 5 5500 என்றும் இரண்டு ப்ராசஸர்கள் 2022 ஏப்ரலில் ஒன்றாக வந்தன. இரண்டிலும் 6 கோர்கள், 12 திரிகள். பெயரில் நூறுதான் வித்தியாசம். ஆனால் 5500 உண்மையில் கிராபிக்ஸ் பகுதியை அணைத்துவைத்த 5600ஜி வகைச் சில்லு. அதன் உள் நினைவகம் 16 மெகாபைட், 5600இல் 32. அதைவிட முக்கியம், 5500க்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 மட்டுமே தெரியும். பி550 என்ற நல்ல 4.0 போர்டில் அதை மாட்டினாலும் உடன்பாடு 3.0இல்தான் ஏற்படும். மாறாக 5600ஐ வாங்கி ஏ520 போர்டில் மாட்டினால் போர்டு 3.0இல் நிறுத்திவிடும். கார்டு, போர்டு, ப்ராசஸர் மூன்று பேரில் யார் பின்தங்கினாலும் மூவரும் பின்தங்குவார்கள். அதற்காக 5500 மோசமான ப்ராசஸர் ஆகிவிடாது. எட்டுத் தடமும் 8 ஜிபி நினைவகமும் உள்ள ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டோடு சேர்த்தால் 3.0இலும் பெரிய இழப்பு இருக்காது. அதன் நினைவகம் வழிவது அரிது என்பதால் ரேமுக்கு அடிக்கடி ஓட வேண்டியதில்லை.

இன்டெல் ஆர்க் கார்டுகளில் பிரச்சினை வேறு உருவில் வரும். 2024 டிசம்பரில் வந்த பி580 கார்டு, 12 ஜிபி நினைவகத்தோடு, விலைக்கு மீறிய சரக்கு. ஆனால் ப்ராசஸர் கிராபிக்ஸ் நினைவகத்தைப் பார்க்கும் சன்னலின் அளவு பழைய முறையில் 256 மெகாபைட். ரீசைசபிள் பார் என்ற வசதி அந்தச் சன்னலை முழு நினைவகத்துக்கும் திறந்துவிடுகிறது. ஆர்க் கார்டுகள் இந்த வசதி இருக்கும் என்று நம்பியே வடிவமைக்கப்பட்டவை. இல்லாவிட்டால் படுத்துவிடும். இன்டெல் தன் பக்கத்தில் 10ஆம் தலைமுறையும் ஏஎம்டி பக்கத்தில் ரைசன் 3000உம் தொடங்கித்தான் பரிந்துரைக்கிறது. வசதி இருக்கும் போர்டிலும் பயாஸில் அது அணைந்து கிடக்கலாம். பழைய கம்ப்யூட்டரில் கார்டை மட்டும் மாற்ற நினைப்பவர் இதைப் பார்த்துவிட்டு ஆர்க் பக்கம் போகலாம்.

ரேமில் இரண்டு மௌன நஷ்டங்கள். முதலாவது, ஒற்றைத் துண்டு. டிடிஆர்4 3200 ரேமின் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிகாபைட் போகும். இரண்டு சேனலிலும் ஒவ்வொரு துண்டு இருந்தால் 51.2. ஆக 16 ஜிபி வேண்டுமென்றால் 8 ஜிபி இரண்டாக வாங்க வேண்டும். "இப்போது ஒன்று, பிறகு ஒன்று" என்று சொல்லி வாங்குபவர்களில் பலர் அந்தப் பிறகைப் பார்ப்பதில்லை. கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் 5600ஜி போன்ற ப்ராசஸரின் உள்ளே இருக்கும் கிராபிக்ஸை நம்பி விளையாடுபவருக்கு இது உயிர்நாடி. அதற்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமையேதான் பயன்படுத்துகிறது. துண்டு ஒன்றானால் விளையாட்டின் வேகம் அப்பட்டமாக விழும். நான்கு துளைகள் உள்ள போர்டில் இரண்டு துண்டுகளைப் போடும்போது, பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும்.

இரண்டாவது நஷ்டம் இன்னும் சாதாரணமாக நடப்பது. 3200 என்று அட்டையில் அச்சிட்ட பல ரேம்கள் தாமாக அந்த வேகத்தில் ஓடுவதில்லை. ரேமில் ஒட்டியிருக்கும் சிறு சில்லில் இரண்டு வகை அட்டவணைகள் எழுதப்பட்டிருக்கும்: எல்லாப் போர்டுக்கும் ஒத்துவரும் மெதுவான ஒன்று, தயாரிப்பாளர் உறுதி தரும் வேகமான ஒன்று. போர்டு முதலில் பாதுகாப்பான மெதுவானதைத்தான் எடுத்துக்கொள்ளும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற வரியை இயக்கினால்தான் காசு கொடுத்த வேகம் கிடைக்கும். ஒரு நிமிட வேலை. எத்தனை வீட்டுக் கம்ப்யூட்டர்களில் 2133இல் ரேம் ஓடிக்கொண்டிருக்கிறதோ!

பாகங்கள் ஒன்றையொன்று தடுக்காமல் ஓடினாலும், ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கின்றனவா என்பது தனிக் கேள்வி. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. 144 வேண்டுமென்றால் 7 மில்லிநொடிகூட இல்லை. அந்த நேரத்துக்குள் ப்ராசஸர், எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது என்று கணக்குப் போட்டு வரைய வேண்டியவற்றின் பட்டியலைத் தர வேண்டும். கிராபிக்ஸ் கார்டு அதை வரைய வேண்டும். பரோட்டாக் கடையில் மாவை உருட்டி வீசுபவரும் கல்லில் போட்டுத் திருப்புபவரும் போலத்தான். கல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வீசுபவரின் கை வேகத்துக்கு மேல் பரோட்டா வராது; கல் சின்னதானால் வீசியது தட்டில் காத்துக்கிடக்கும்.

எது தடுக்கிறது என்பதைத் திரையும் தீர்மானிக்கிறது. 1920க்கு 1080 திரையில் ஏறத்தாழ 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். 2560க்கு 1440 திரையில் 36 லட்சத்து 86 ஆயிரம். திரை மாறினால் கார்டின் வேலை பெரிதும் ஏறும். ப்ராசஸரின் வேலை அநேகமாக அப்படியே இருக்கும். எதிரியின் எண்ணிக்கை திரையின் அளவைப் பொறுத்ததல்லவே. ஆகவே 1080 திரையில் போட்டி விளையாட்டுகளை நொடிக்கு 144 படமாக ஆட நினைப்பவர் ப்ராசஸருக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். கதை விளையாட்டுகளை 60இல் நிதானமாக ஆடுபவர் ஐ3 12100எஃப் என்ற நான்கு கோர் ப்ராசஸரோடு நிறுத்தி, மீதியைக் கார்டில் போடலாம். விற்பனைப் பேச்சில் ஐ7, ஐ9 என்று அடிபடும் பெயர்களுக்குக் குறைந்த செலவு கேமிங்கில் வேலையில்லை. அந்த எஃப் எழுத்தையும் கவனிக்க வேண்டும். உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள்; மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. இங்கே பொருத்தமின்மை சத்தம் போடாமல் தொடங்கி, சில நேரம் பெரிய சத்தத்தோடு முடியும். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும். பார்க்க வேண்டியது பக்கவாட்டில் உள்ள பொடி எழுத்து அட்டவணையை. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இன்று கிட்டத்தட்ட முழுவதுமாக 12 வோல்ட் வரியிலிருந்துதான் உண்கின்றன. அந்த வரியில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12ஐ 18ஆல் பெருக்குங்கள்: 216 வாட். மீதியெல்லாம் யாரும் கேட்காத 3.3, 5 வோல்ட் வரிகளில் கணக்குக் காட்டப்பட்டது. 36 ஆம்பியர் என்று இருந்தால் 432 வாட். அது நேர்மையான பெட்டி. ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட், 5600க்கு 65 வாட் என்பது நிறுவனக் கணக்கு. ஆனால் இரண்டுமே கண நேரத்துக்கு அதைவிட எகிறும். அந்த எகிறலைத் தாங்காத பெட்டி, உச்சக் காட்சியில் கம்ப்யூட்டரை அணைத்துவிடும். வீட்டில் வைரஸ் என்று சொல்லி விண்டோஸைத் திரும்பப் போடுவார்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியில் காணப்படும் 80 பிளஸ் முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதற்கு மட்டுமே சான்று. பாதுகாப்புக்கான சான்று அதில் இல்லை. இருந்தாலும் முத்திரையே இல்லாததைவிட மேல். கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில் இன்னொரு எச்சரிக்கை. ஒரு நிறுவனத்தின் கேபிளை இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் செருகக் கூடாது. பெட்டிப் பக்கத்து முனையில் எந்தக் கம்பி எங்கே என்பதற்குப் பொதுத் தரம் கிடையாது. துளை ஏற்றுக்கொள்ளும், ஹார்ட் டிஸ்க் கருகலாம். ரேமில் ஒரு வெட்டை நகர்த்திக் காப்பாற்றிய துறை, இங்கே இப்படி விட்டுவைத்திருப்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

மின்வெட்டுக்குப் பழகிய நம் ஊர்களில் யுபிஎஸ்ஸும் ஒரு பாகம்தான். 600 விஏ என்று எழுதியிருப்பதை 600 வாட் என்று படிக்கக் கூடாது. பெரும்பாலும் 360 வாட்தான் தரும். விலை குறைந்த யுபிஎஸ், பேட்டரியில் ஓடும்போது வழுவழுப்பான அலையாக அல்லாமல் படிக்கட்டுப் படிக்கட்டாக மின்சாரம் தரும். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் அதோடு ஒத்துப்போகாமல், கரன்ட் போன கணத்தில் அணைந்துவிடுவதுண்டு. இரண்டும் தனித்தனியே நல்ல பொருளாக இருந்தும் சேர்ந்தால் சரிப்படாதவை. வாங்கும் முன் சேர்த்து ஓட்டிப் பார்க்க முடிந்தால் நல்லது.

மற்றவை அளவு நாடாவில் முடிகிற விஷயங்கள். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு 244 மில்லிமீட்டர் சதுரம். கேபினட்டின் விவரப் பட்டியலில் கார்டின் நீளத்துக்கும் கூலரின் உயரத்துக்கும் உச்ச வரம்பு போட்டிருக்கும். இரண்டையும் பார்த்தால் போதும். எஸ்எஸ்டிக்கான எம்.2 துளை ஒன்றைப் பார்த்ததும் அது வேகமான என்விஎம்இ வகையை ஏற்கும் என்று முடிவு கட்டாமல் போர்டின் கையேட்டைப் புரட்டுங்கள். சில போர்டுகளில் எம்.2 துளையை நிரப்பினால் ஓரிரு சாட்டா துளைகள் செயலிழக்கும்.

அசெம்பிள் முடிந்த அன்று செய்ய வேண்டியவை சில. ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவியைத் திறந்து, ஒரு விளையாட்டை ஓட விட்டபடியே, கார்டு எந்தப் பதிப்பில், எத்தனை தடத்தில் பேசுகிறது என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த அது தானாக இறங்கியிருக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம். சிபியு-இசட் கருவியில் ரேம் 1600 என்று காட்டினால் சரி; டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்புவதால் அதுவே 3200. 1066 என்று காட்டினால் எக்ஸ்எம்பி அணைந்திருக்கிறது. கடைசியாக விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்புக்குப் போங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரைப் புதிதாகச் செருகினால், பல நேரம் அங்கே 60 என்றே இருக்கும்.